இடது கண்ணாடியில் ஒட்டிய கப்பல்

நவம்பர் 17, 2025. திங்கட்கிழமை

சனிக்கிழமை காலையில் நான் எழுதிய தாளைக் கடையின் இடது கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். வலது கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். சின்னத் தவறுதான். ஆனால் அது தவறு என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வேலை நாள் ஆகியிருக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவர் படித்தாலும் விளங்கும்படி நாட்குறிப்பு இருக்க வேண்டும் என்று ஷைஜா மிஸ் சொல்லியிருக்கிறார். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். என் பெயர் பிரீனா. பகலில் கோட்டாற்றில் ராஜபாய் அக்காவின் டிராவல்ஸ் கடையில் வேலை. மாலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை நாகர்கோவிலில் சுற்றுலா டிப்ளமோ வகுப்பு. ஷைஜா மிஸ் அங்கே எங்கள் ஆசிரியை. எட்டேகாலுக்கு வீட்டுக்கு வில்லுக்குறி பஸ்.

கடையின் முகப்பில் இரண்டு கண்ணாடிகள். வலது பக்கத்தில் எருசலேம் புனிதப் பயணம், வேளாங்கண்ணி வேன், விமான டிக்கெட் சலுகை. இடது பக்கத்தில் எர்ணாகுளத்துக் கம்பெனிகள் கொண்டுவந்து தருகிற இன்டர்வியூ தாள்கள். குவைத்துக்கு டிரைவர், கத்தாருக்கு வெல்டர் என்று இருக்கும். ஒட்டிக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. ஆள் எடுப்பது அவர்கள். இப்படி இரண்டாகப் பிரித்திருக்கிறோம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இங்கே கோட்டாறு முதல் குளச்சல் வரை எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்துப் போகிறவர்கள் வலது கண்ணாடியைப் பார்ப்பார்கள், சம்பளம் வாங்கப் போகிறவர்கள் இடது கண்ணாடியைப் பார்ப்பார்கள். சனிக்கிழமை வலது கண்ணாடி முழுவதையும் எருசலேம் படம் மூடியிருந்தது. இடது பக்கம் காலியாக இருந்தது. அவ்வளவுதான் நான் யோசித்தது.

தாளில் எழுதியிருந்தது இது: “மூன்று சிறு கப்பல்கள். எது சிறந்தது? உள்ளே வந்து பேசலாம்.”

இது என் வகுப்புப் பயிற்சிக்காக. மூன்று சிறு சொகுசுக் கப்பல் நிறுவனங்களை எடுத்து, கொடுக்கிற பணத்துக்கு எது பெறும், எதில் சேவை நன்றாக இருக்கும் என்று ஒப்பிட்டு, உண்மையான ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். என் வாடிக்கையாளர்கள் அருமனையைச் சேர்ந்த தேவகுமார் சாரும் அவர் மனைவி நேசம்மாள் டீச்சரும். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆவதால், கனடாவில் இருக்கும் மகன் பிபின் இந்தப் பயணத்தைக் கொடுக்கிறான். பத்து இரவு, பார்சலோனாவிலிருந்து ஏதென்ஸ் வரை. சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதன் பிறகு கட்டணம் ஏறும்.

மூன்று கப்பல்களின் விவரத்தையும் வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன். ஹால்வர்சன்: பயணிகள் 180, பணியாளர்கள் 120, கட்டணத்தில் எல்லாம் அடக்கம். காசா மாரே: பயணிகள் 96, பணியாளர்கள் 70, கட்டணம் குறைவு, ஆனால் மதுவுக்கும் கரையில் சுற்றிப் பார்ப்பதற்கும் தனிக் காசு. வின்டர்போர்ட்: பயணிகள் 264, பணியாளர்கள் 200, கட்டணம் எல்லாவற்றிலும் அதிகம், அறைக்கு ஒரு தனிப் பணியாளரும் உண்டு. ஏழு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்ததில் சனிக்கிழமை வின்டர்போர்ட் முதலிடத்தில் நின்றது.

பயிற்சியில் பொதுமக்கள் கருத்தும் கேட்க வேண்டும். தாளைப் பார்த்துவிட்டு சனியும் இன்றுமாக ஒன்பது பேர் வந்தார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கப்பலில் உங்களுக்கு எது முக்கியம்? ஒருவர், ஒரு அறையில் நாலு பேரைப் போடக் கூடாது என்றார். எழுதிக்கொண்டேன். இன்னொருவர், ஒரு நேரமாவது சோறு வேண்டும் என்றார். அதையும் எழுதினேன். மூன்றாமவர், ஆறு மாதம் என்றால் சரி, ஒன்பது மாதம் உடம்பு தாங்காது என்றார். ஒன்பது மாதம் சொகுசுக் கப்பலில் போகக்கூடியவர் செருப்பு இல்லாமல் வந்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. இன்று ஒன்பதாவதாக வந்தவர் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை நீட்டி, இன்டர்வியூ கொச்சியிலா சென்னையிலா என்று கேட்டார். அப்போதுதான் எழுந்து வெளியே போய், தாள் எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்று பார்த்தேன்.

தாளைக் கிழித்துவிட்டேன். ஒன்பது பேர் கருத்தையும் அடித்துவிட்டேன். எட்டுப் பேரைப் பற்றிக் கவலை இல்லை, அவர்கள் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். சனிக்கிழமை மதியம் வந்த ஒரு அக்காவைப் பற்றித்தான் சந்தேகமாக இருக்கிறது. எந்தக் கப்பல் நல்லது என்று அவர் கேட்டார். வின்டர்போர்ட் என்றேன். எப்போது போகலாம் என்று கேட்டார். மே எட்டாம் தேதி என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பெயரும் ஃபோன் நம்பரும் வாங்கவில்லை. முறைப்படி வாங்கியிருக்க வேண்டும்.

நவம்பர் 18. செவ்வாய்க்கிழமை

அந்த அக்காவின் பெயர் குளோரி. முட்டம். மீன் விற்கிறார். இன்று பதினொரு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ராஜபாய் அக்கா விசா விஷயமாகத் திருவனந்தபுரம் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

ஃபைலில் இருந்தது அவர் கணவர் இஞ்ஞாசியின் பாஸ்போர்ட், கப்பல்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற சி.டி.சி. புத்தகம், பழைய கம்பெனி கொடுத்த நற்சான்று, எட்டு போட்டோ. பதினான்கு வருடம் பெரிய பயணிகள் கப்பலில் லாண்டரியில் இருந்தவர். கொரோனா சமயத்தில் திருப்பி அனுப்பினார்கள், பிறகு கூப்பிடவில்லை. இப்போது நாற்பத்தேழு வயது. இன்னொருவருடைய வள்ளத்தில் மீன் பிடிக்கக் கூலிக்குப் போகிறார். திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளத்தில் ஒரு ஹோட்டலில் லாண்டரி மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்று போன வாரம் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சேர வேண்டும்.

“அத வேண்டாம்னு சொல்லியாச்சு மக்கா,” என்றார் குளோரி அக்கா. “நீ சனியாச்ச கப்பல்னு சொன்ன. ஞாயிறு பூச முடிஞ்ச ஒடன அவியளே ஃபோன் போட்டு ஹோட்டலுக்கு வரல்லன்னு சொல்லிட்டாவ.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இது வேலைக்கான தாள் இல்லை, பயணத்துக்கான தாள், இடம் மாறி ஒட்டிவிட்டேன் என்று மூன்று வாக்கியம். மூன்றையும் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் கப்பலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலைச் சொல்வது எளிதாக இருந்ததால் சொல்லிக்கொண்டே போனேன்.

எத்தனை பயணிகள் என்றார். சொன்னேன். எத்தனை வேலைக்காரர்கள் என்றார். அதையும் சொன்னேன்.

“இருநூத்தறுவத்திநாலு பேருக்கு இருநூறு வேலக்காரனா?” என்று விரலில் கணக்குப் போட்டார். “அப்போ ஏறக்கொறய ஆளுக்கு ஒருத்தன். இவனுவ எல்லாம் கையும் காலும் இல்லாதவனுவளா மக்கா? எங்க ஆளு மூவாயிரம் பேருக்குத் துணி அலக்குன ஆளு. இது அவியளுக்கு வெளையாட்டு.”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

மூன்று கப்பல்களில் லாண்டரி எதில் கட்டணத்தில் அடக்கம் என்று கேட்டார். வின்டர்போர்ட்டிலும் ஹால்வர்சனிலும் என்றேன். அப்படியானால் அவற்றில் துணி நிறைய வரும், காசா மாரேயில் தனிக் காசு என்பதால் குறைவாக வரும், அது சுகமான கப்பல் இல்லையா என்றார். என் கட்டத்தில் லாண்டரி அடக்கம் என்பதற்குப் பத்து மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். அவர் சொல்வது போல் பார்த்தால் அது கழிக்க வேண்டிய பத்து. ஒரு நிமிடம் உண்மையாகவே குழம்பிப்போய் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யாருக்காக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

குளச்சல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்தார். ஃபைலை எடுத்துப் போங்கள் என்று சொன்னேன். இருக்கட்டும், கொண்டுபோனால் பிள்ளைகள் அதன்மேல் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் என்று சொல்லி, மேசையின் உள்பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

வகுப்பில் ஷைஜா மிஸ் என் அட்டவணையைப் பார்த்தார். எது எவ்வளவு முக்கியம் என்று ஏழு கட்டத்துக்கும் கொடுக்கிற எடை எல்லாம் சேர்ந்து நூறு வர வேண்டும், உனக்கு நூற்றைந்து வருகிறது என்றார். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். நூற்றைந்துதான்.

நவம்பர் 19. புதன்கிழமை

காலையில் ராஜபாய் அக்கா ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏட்டி பிரீனா, இது ஆருக்க பாஸ்போர்ட்டு?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து போய் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கப்பலுக்கு ஆள் எடுக்கத் தனி உரிமம் வேண்டும், நமக்கு டிக்கெட் போடத்தான் உரிமம் உண்டு, வேலைக்கு என்று ஒருவர் நம் கடையில் அசல் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போனதாக யாராவது புகார் கொடுத்தால் கடைக்குப் பூட்டு என்று மெதுவான குரலில் சொன்னார். ஃபைலை இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவரே கொடுத்துவிடுவாரோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.

“சொன்னவ நீதான். நீதான் இல்லன்னும் சொல்லணும். நான் பக்கத்துல இருக்கேன், ஆனா வாயத் தொறக்க மாட்டேன்.”

ஃபைலில் இஞ்ஞாசி அண்ணனின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். பின்னால் காற்றும் ஆட்கள் கூப்பாடும் கேட்டன, கடற்கரையில் நிற்கிறார் போலிருந்தது. டிராவல்ஸிலிருந்து பேசுகிறேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். நாளை மதியம் குளோரியோடு வருகிறேன் பிள்ளே என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். இன்று என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஃபோனிலேயே சொல்லியிருக்கவும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் குறைந்துவிட்டது, குறைத்தது நான்.

மூன்று மணிக்குத் தேவகுமார் சாரும் நேசம்மாள் டீச்சரும் வந்தார்கள். அட்டவணையை அச்செடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். சார் பேனாவை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். வின்டர்போர்ட்டில் மது முழுவதும் கட்டணத்தில் அடக்கம் என்ற இடத்தில் நின்றார். அவர் சபைக் கமிட்டியில் இருப்பவர், வாழ்நாளில் தொட்டதில்லை. குடிக்காதவனுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டார். கழிக்க மாட்டார்கள் என்றேன். அப்படியானால் யாரோ ஒருவன் குடிப்பதற்கு என் மகன் பணம் கட்டுகிறான் என்று எழுது என்றார். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

டீச்சருக்கு அறைக்கு ஒரு தனிப் பணியாளர் என்பதுதான் பிடிக்கவில்லை. பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்கி வைப்பார், தினமும் அழுக்குத் துணியை எடுத்துப்போய்த் தேய்த்துக் கொண்டுவருவார் என்று விளக்கினேன். அதற்குத்தான் சேவையில் அதிக மதிப்பெண்.

“எனக்க உள்பாவாடைய ஒரு ஆம்பள அலக்கித் தேச்சு கட்டில்ல கொண்டு வச்சிட்டுப் போவானா?” என்றார் டீச்சர். “பிள்ள, அதுக்கு நீ மார்க்கு போட்டிருக்கா. நான் அத நெனச்சு பத்து ராத்திரியும் உறங்க மாட்டேன் கேட்டியா.”

அவர்கள் சொன்னபடி மதுவையும் தனிப் பணியாளரையும் லாண்டரியையும் எடுத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். வின்டர்போர்ட் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. காசா மாரே முதலில் வந்தது. சனிக்கிழமை நான் குளோரி அக்காவிடம் அடித்துச் சொன்ன கப்பல் இப்போது என் கணக்கிலேயே கடைசி. அது அவர்களுக்கான கணக்கு இல்லை என்பது தெரியும். இருந்தாலும் இரண்டாவது முறையும் பொய் சொன்னது போல் இருந்தது.

காசா மாரே சிறியது, கடலில் ஆடாதா என்று டீச்சர் கேட்டார். தெரியாது என்றேன். எழுபது பணியாளர்களை வைத்து எப்படி எல்லாம் நடக்கும் என்று சார் கேட்டார். அதுவும் தெரியாது. நாளை மதியம் வருகிறோம், கேட்டு வை என்றார்கள். நாளை மதியம் வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்று வகுப்பில் மனம் நிற்கவில்லை. எடைகளைத் திருத்தினேன். தொண்ணூற்றைந்து வருகிறது.

நவம்பர் 20. வியாழக்கிழமை

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே விளங்காது.

இரண்டு மணிக்குச் சாரும் டீச்சரும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டேகாலுக்கு இஞ்ஞாசி அண்ணனும் குளோரி அக்காவும் வந்தார்கள். அண்ணன் ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, கையின் மடிப்புக் கத்தி போல் நின்றது. நாற்காலி இல்லாததால் சுவர் ஓரமாக நின்றார். ராஜபாய் அக்கா என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்தேன். கொஞ்சம் வெளியே வருகிறீர்களா அண்ணா என்று கேட்க வாயெடுத்தபோது, தேவகுமார் சார் எழுபது பேரை வைத்துக் கப்பல் எப்படி ஓடும் என்ற கேள்வியை மறுபடி கேட்டார்.

இஞ்ஞாசி அண்ணன் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். அவரைக் கடை ஆள் என்று சார் நினைத்துக்கொண்டார். யாரும் திருத்தவில்லை. திருத்த வேண்டியவள் நான்.

தொண்ணூற்றாறு பயணிகள் என்றால் லாண்டரியில் இரண்டு பேர்தான் இருப்பார்கள் என்றார் அண்ணன். பகலில் ஒருவர், இரவில் ஒருவர். சமயத்தில் பரிமாறவும் கூப்பிடுவார்கள், கரையில் பெட்டி இறக்கவும் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாளே பயணியின் பெயரெல்லாம் தெரிந்துவிடும், சர்க்கரை போடாத காபி யாருக்கு என்பதும் தெரிந்துவிடும். போகிறவர்களுக்கு அதைவிட நல்ல கப்பல் கிடையாது. பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். தன் துணியையும் ஆண்கள்தான் துவைப்பார்களா என்று டீச்சர் நடுவில் கேட்டிருந்தார்.

“டீச்சர், அங்க துணிக்கு மொகம் கெடயாது. வலைப் பைக்குள்ள போட்டு நம்பர் குத்துவோம். நம்பர் வருது, நம்பர் போவுது. பதினாலு வருசத்துல ஒரு ஆளுக்க துணியும் எனக்கு ஓர்ம இல்ல.”

டீச்சருக்கு அது பிடித்துப்போயிற்று. என் ஏழு கட்டத்தில் ஒன்றுகூடச் செய்யாததை அந்த ஒரு பதில் செய்தது. இருந்தாலும் என் துணியை நானே அலசிக் குளியலறையில் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஐந்து லட்சம் கொடுத்துக் கப்பலில் துணி அலசப் போகிறாளாம் என்று சார் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அப்படியே, நீங்கள் போவதென்றால் எதில் போவீர்கள் என்று சார் அண்ணனிடம் கேட்டார்.

“நான் போறது வின்டர்போர்ட்டுல. மே எட்டாம் தேதி,” என்றார் அண்ணன். “இருநூறு பேரு வேலக்கு இருக்காவ. ஒறங்க நேரம் கெடைக்கும்.”

சார் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். டீச்சர், கர்த்தர் காப்பார் என்றார். குளோரி அக்காவின் முகம் சந்தோஷத்தில் சிவந்துவிட்டது. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. காசா மாரே என்று முடிவாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை முன்பணம் கட்ட வருவதாகச் சாரும் டீச்சரும் போனார்கள். என் பயிற்சி முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் திருப்தி என்று ஷைஜா மிஸ் எழுதுவார். திருப்திப்படுத்தியது யார் என்று எந்தக் கட்டத்திலும் வராது.

காலியான நாற்காலிகளில் அவர்களை உட்காரச் சொன்னேன். ஃபைலை மேசைமேல் வைத்தேன். மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். நான் நினைத்த வரிசையில் வரவில்லை. இடது கண்ணாடி என்பது கடைசியில் வந்தது, மன்னிப்பு நடுவில் வந்தது.

குளோரி அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. வேலை இல்லை என்றால் வேறு கப்பலில் உண்டா என்று கேட்டார். எந்தக் கப்பலிலும் இல்லை, நாங்கள் கப்பலுக்கு ஆள் எடுப்பதே இல்லை என்றேன்.

“அப்போ மே எட்டு ஆருக்க தேதி?”

இப்போது எழுந்து போனார்களே, அவர்கள் போவதற்காகப் பார்த்துவைத்த தேதி என்றேன்.

“கப்பல்ல சும்மா இருந்துட்டு வரதுக்கு ஆளு வரும்னு நான் நெனச்சனா?” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “எங்க தெருவுல முப்பது பேரு கப்பலுக்குப் போயிருக்கான். ஒருத்தனும் காசு குடுத்துப் போவல்ல. நீ எது நல்லதுன்னு எழுதிப் போட்டிருந்தா. வேலக்குப் போறவனுக்குத்தானே நல்லதும் கெட்டதும் தெரியணும்.”

ஃபைலை அவர்கள் பக்கம் தள்ளினேன்.

இஞ்ஞாசி அண்ணன் ஃபைலைத் திறந்து, பாஸ்போர்ட் இருக்கிறதா, சி.டி.சி. இருக்கிறதா, போட்டோ எட்டும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹோட்டல் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் பிள்ளே என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்த மேனேஜரிடம், எனக்குக் கப்பல் கிடைத்துவிட்டது, உங்கள் பெட்ஷீட்டை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கொஞ்சம் பெருமையாகப் பேசிவிட்டாராம். இனி எந்த முகத்தோடு கேட்பது என்றார். குளோரி அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்பிடியா சொன்னிய? வரல்லன்னு சொன்னதா என்கிட்ட சொன்னிய.”

“வரல்லன்னும் சொன்னேன்.”

நம்பரைச் சொன்னது குளோரி அக்காதான். ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். மேனேஜர் மலையாளத்தில் எடுத்தார். நான் தமிழில் பேசினேன். நான் ஒட்டிய தாளால்தான் இது நடந்தது, அவர் பேரில் தப்பில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மேனேஜர் முதலில் சிரித்தார். கப்பல் கரைக்கு வந்தாச்சா என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேனேஜர் சொன்னது இது: பாலராமபுரத்திலிருந்து இன்னொருவரை நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அனுபவம் இஞ்ஞாசிக்குத்தான் அதிகம். ஒன்பது மணிக்குள் அவர் வந்து நின்றால் அவருக்கு, இல்லாவிட்டால் மற்றவருக்கு. ஆனால் ஒரு தடவை வரமாட்டேன் என்ற ஆளை எடுக்க முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் காரணத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

ஃபோனை வைத்ததும் கடையின் லெட்டர்பேடை எடுத்தேன். ராஜபாய் அக்கா அதுவரை சொன்னபடியே வாயைத் திறக்காமல் இருந்தவர், கையை நீட்டி லெட்டர்பேடை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். கடைப் பெயரில் எழுதினால் நாங்கள் கப்பலுக்கு ஆள் எடுத்தோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும் என்றார். அவர் சொன்னது சரி. கடைப் பெயர் இல்லாத கடிதத்தை ஹோட்டல் முதலாளி மதிப்பாரா என்று நான் கேட்டதும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன்.

மூன்று தடவை எழுதினேன். முதல் கடிதத்தில் இடது கண்ணாடியை விளக்கவே ஒரு பக்கம் போய்விட்டது. இரண்டாவதில் மன்னிப்பு அதிகமாகி, யார் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்பதே தெரியவில்லை. மூன்றாவது ஆறு வரி. என் பெயர், என் ஆதார் நம்பர், என் ஃபோன் நம்பர். அண்ணன் வாசித்துப் பார்த்தார். நீ ஏன் ஆதார் நம்பரெல்லாம் எழுதுகிறாய், உன்னையா வேலைக்கு எடுக்கப் போகிறான் என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா கசப்பாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கடிதத்தை இப்போதே கொண்டுபோங்கள் என்றேன். அண்ணன் எடுக்கவில்லை. யோசிக்க வேண்டும் என்றார். குளோரி அக்கா யோசிக்க என்ன இருக்கிறது என்றார். இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். கடிதம் மேசைமேல் கிடந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் சவேரியார் கோவில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் தெருவை மறித்துக் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நின்றே கத்தினேன், நாளை காலை நீங்கள் பஸ் ஏறும் தக்கலைக்குக் கொண்டுவருகிறேன் என்று. குளோரி அக்கா கையைத் தூக்கிக் காட்டினார். சரி என்றா, போ என்றா, தெரியவில்லை.

வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, எடைகளை மறுபடி கூட்டாமல், இதை எழுதுகிறேன். எழுதிப் பார்த்தாலாவது விளங்கும் என்று நினைத்தேன். காசா மாரேயில் சேவை நன்றாக இருப்பதற்குக் காரணம் அங்கே இரண்டு பேர் தூங்காமல் இருப்பது என்றால், அதற்கு நான் கொடுத்த ஒன்பது மதிப்பெண் சரியா? டீச்சருக்கு அதுதான் நல்ல கப்பல் என்பதிலும் சந்தேகமில்லை. ஹோட்டலில் எத்தனை அறை, லாண்டரியில் எத்தனை பேர் என்று மேனேஜரிடம் கேட்க மறந்துவிட்டேன். கப்பலுக்கு அத்தனை கேட்டவள், அண்ணன் போகப்போகும் இடத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை.

ஏழரைக்கு இஞ்ஞாசி அண்ணனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எட்டு மணிக்கு அவர் நம்பரிலிருந்து குளோரி அக்கா பேசினார். தக்கலையில் எந்தப் பக்கம் நிற்பாய் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அண்ணன் வருகிறாரா என்று கேட்டேன். சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறார், என்னிடம் பேசவில்லை என்றார்.

நாளை, நவம்பர் 21, வெள்ளி: காலை 4.50க்கு வில்லுக்குறியில் பஸ் ஏற வேண்டும். 5.20க்குள் தக்கலை பேருந்து நிலையம், திருவனந்தபுரம் பஸ் நிற்கும் இடம். கடிதம் இரண்டு பிரதி. அண்ணன் வந்தால் கொடுத்து பஸ் ஏற்றிவிட வேண்டும். 5.40 வரை வராவிட்டால் முட்டத்துக்குப் போய் வீட்டில் கொடுக்க வேண்டும். ஹோட்டலில் லாண்டரிக்கு எத்தனை பேர் என்று மேனேஜரிடம் கேட்க வேண்டும்.